வீட்டு முகவரிக்கு ஒரு நகல்

2009-இல் நான் கடலூரில், குடிகாட்டுக்குப் பக்கத்தில், ஒரு ரசாயனக் கம்பெனியின் டைம் ஆபீசில் கிளார்க். வருகைப் பதிவு, லீவு, மெமோ எல்லாம் என் மேஜைதான். யார் எத்தனை நிமிஷம் தாமதம் என்று எனக்குத் தெரியும். ஏன் தாமதம் என்று கேட்க எந்தப் படிவத்திலும் இடம் இருந்ததில்லை.

லேபில் ஒரு பெண் வேலை பார்த்தாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். தினமும் புருஷன் பைக்கில் கொண்டுவந்து கேட்டில் விடுவான். சாப்பாட்டுப் பையையும் அவனே எடுத்துக் கையில் கொடுப்பான். "கொடுத்து வெச்சவ" என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். சித்திரை வெயிலிலும் அவள் முழங்கையை மூடிய ரவிக்கை போட்டதை எல்லோரும்தான் பார்த்தோம். மாடிப்படியில் விழுந்துவிட்டதாக ஒருமுறை சொன்னாள். அவர்களுடையது ஓட்டு வீடு, மாடியே கிடையாது. அதுவும் எங்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் அவளுக்கு மூன்று மெமோ. இரண்டு தாமதத்துக்கு, ஒன்று சாம்பிள் பாட்டிலில் லேபிளை மாற்றி ஒட்டியதற்கு. விரலை மடக்க முடியாதபடி வீங்கிய கையோடு வந்தவள் என்னத்தை ஒழுங்காக ஒட்டுவாள்? மூன்றையும் டைப் அடித்தது நான். 'கவனக்குறைவு' என்று அடித்தபோது கொஞ்சமும் தயங்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எரிச்சல் வருகிறது. மேனேஜரிடம் ஒரு தடவை வாயைத் திறந்து பார்த்தேன்.

"அது அவுங்க குடும்ப விஷயம்மா. நாம மூக்க நுழைக்கக் கூடாது" என்றார். மெமோ கொடுப்பது மட்டும் கம்பெனி விஷயம்!

ஒரு மதியம் அவள் என் மேஜைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால முடியலக்கா. சிதம்பரம் குடோனுக்கு மாத்தி உட்டுடுங்க. அங்க லேடீஸ் ஹாஸ்டல்ல இருந்துக்குறேன். அவருக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா கொன்னுடுவாரு."

குடோனில் ஆள் போதவில்லை என்று மேனேஜரிடம் புளுகி, வாய்வார்த்தையாக அனுமதி வாங்கினேன். மறுநாள் வழக்கம்போல் வேலைக்கு வந்தவளைப் பத்தரை மணிக்கு சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சாயங்காலம் அவன் உள்ளே வந்து, "எங்க மேடம் அவ?" என்றான். வேலையை விட்டு நின்றுவிட்டாள், எங்கே போனாளோ தெரியாது என்று கண்ணிமைக்காமல் சொன்னேன். லேபிலும் கேட்டிலும் அதையே சொல்லச் சொல்லி வைத்தேன். எனக்கு என்னை நினைத்து ஒரே பெருமை.

பத்து நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து அவளுடைய மாறுதல் உத்தரவு வந்தது. எந்த உத்தரவானாலும் ஃபைலுக்கு ஒன்று, போகிற இடத்துக்கு ஒன்று, சர்வீஸ் ரெஜிஸ்டரில் உள்ள வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஒன்று. அதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்கு ஏழெட்டு உத்தரவுகள். முகவரிகளை நானே எழுதினேன், கவர்களை நானே ஒட்டினேன். அவள் பெயரை எழுதியபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

நான்காம் நாள் குடோனிலிருந்து போன் வந்தது. லோடுமேன்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவளை முடியைப் பிடித்து இழுத்துப்போட்டு அடித்திருக்கிறான். விழுந்தடித்துக்கொண்டு சிதம்பரத்துக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் நெற்றியில் தையலோடு படுத்திருந்தாள்.

"கையில லெட்டர் வெச்சிருந்தாருக்கா. யாரு அனுப்புனாங்க?"

"நான்தான்" என்றேன்.

போலீசுக்குப் போகலாம் என்று கெஞ்சினேன்.

"போயி? அதுக்கப்புறம் எங்கக்கா ஒளிஞ்சிக்கிறது?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இங்கே ரகளையெல்லாம் வேண்டாம் என்று குடோனில் அவளிடமே ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள். அடித்தவனுக்கு எழுத வேண்டியது ஒன்றும் இல்லை. ஒரு வாரத்தில் அவனோடு கடலூருக்கே திரும்பிப் போனாள்.

அந்த ராஜினாமா என் மேஜை வழியாகத்தான் போக வேண்டும். மேனேஜர் முன்னால் வைத்தேன்.

"சொந்தக் காரணமா? சரிதான். புருஷன் பொண்டாட்டி ஒண்ணு சேர்ந்துட்டாங்களாமே?" என்றார் சந்தோஷமாக.

"ஆமா சார். சேத்து வெச்சதே நான்தான்" என்றேன்.

"புண்ணியம்மா உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.