அலெக்சாண்டர் ரெண்டு கயிறு கேட்டது

அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் ஓட்டுன அலெக்சாண்டர், ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தப்போ செஞ்சி பஜார்ல குதிக்காத குறைதான். போன வருஷம் டயர் வெடிச்சு பஸ் பள்ளத்துல சாஞ்சதுலேர்ந்து, எங்க ‘டமார்’னு சத்தம் கேட்டாலும் ஆளு நடுங்கிப் போயிடுவான். நடுக்கத்தை அடக்கக் குடிச்சான், அப்புறம் சும்மாவே குடிச்சான். “குடியை விடு, வர்றேன்”னு சொல்லிட்டு, பொண்டாட்டி ரோஸ்மேரி மகள் ஜெனிபரைக் கூட்டிக்கிட்டு சிங்கவரத்துல இருக்கற அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அவள் இல்லாத வீடு அவனுக்கு வீடாவே இல்ல.

அப்படியிருக்க குதிப்பு எதுக்குங்கறீங்களா? அவனோட நைனா தேவசகாயம் கிணத்துக்கு வெடி வைக்கிறவரு. கூட இருந்தவன் கண்ணெதிர்ல செத்ததைப் பார்த்துட்டு, சாகிறவரைக்கும் குடிச்சாரு. அதைக் கேட்ட டாக்டர், “பயம் மனசுல தங்கிடறதுக்கும் குடியில மாட்டிக்கறதுக்கும் சில மரபணுக்கள் பொதுவா இருக்குது. அதுக்காக இது தலையெழுத்து இல்லப்பா, ரெண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கலாம்”னாரு. நம்மாளு காதுல முதல் பாதிதான் ஏறுச்சு. தப்பு என்னுது இல்ல, ரத்தத்துது! அந்த சந்தோஷத்தைக் கொண்டாட நேரா ஒயின்ஷாப் வாசலுக்கே போயிட்டான்னா பாருங்க.

நல்லவேளை, அங்க சிங்கவரம் பஸ்ஸைப் பார்த்ததும் ரோஸ்மேரி ஞாபகம் வந்துச்சு. குடியை விடறதுக்கு நம்ம பக்கம் அம்மன் கோயில்ல கையில கயிறு கட்டிப்பாங்க. சர்ச்சுக்குப் போற வேதக்காரனும் கட்டிப்பான், அவசரத்துக்கு எந்த சாமியா இருந்தா இன்னா? நேரா கோயிலுக்குப் போயி பூசாரிகிட்ட ரெண்டு கயிறு கேட்டான்.

“ரெண்டாவது யாருக்கு?”

“எங்க நைனாவுக்கு.”

“கூட்டியாயேன், கட்டறேன்.”

“கல்லறையில இருக்காருங்க.”

பூசாரிக்குச் சிரிப்பை அடக்க முடியல. “செத்தவரு எங்கய்யா குடிக்கப் போறாரு?”

“ஆரம்பம் அவருதானே சாமி? அங்கேருந்து கட்டிக்கிட்டு வரணும்!”

நைனா கல்லறைச் சிலுவையில கயிறு கட்டின சேதி அவனுக்கு முன்னாடியே சிங்கவரம் போயிடுச்சு. ரோஸ்மேரி மகளோட கல்லறைக்கே ஓடியாந்தா. “உனக்கு மூளை கீளை கழண்டுடுச்சா?”ன்னு ஆரம்பிச்சவ, சிலுவையைப் பார்த்ததும் வயித்தைப் புடிச்சிக்கிட்டு சிரிச்சா.

அவனும் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே அழுதுட்டான். “குடிகாரன் குடிகாரன்னு இவரைத் திட்டினேன் ரோசு. பயந்துபோய்க் கிடந்திருக்காரு, தெரியலியே.”

ஜெனிபர் அப்பனைப் பார்த்தா, தாத்தா சிலுவையைப் பார்த்தா. மெதுவா மணிக்கட்டை நீட்டி, “எனக்கும் கட்டு நைனா”ன்னா.

அவன் சிரிப்பு நின்னுச்சு. அந்தச் சின்னக் கையை ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டான்.

“ரோசு, டாக்டர் இன்னும் என்னமோ சொன்னாரு, நான் சரியா கேக்கல. நீயும் கூட வரியா?”