பால் கேனில் பிடித்த தண்ணீர்

தங்கத்தைக் கண்ணுக்கே தெரியாத துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் மாதுளம்பழச் சாறு போலச் சிவப்பாக இருக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீலமாகிவிடும். அப்படி ஆகாமலிருக்க ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிய பாலிமர் வலையைச் சட்டை போல மாட்டிவிடுவதுதான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் நான் நான்கு வருடம் செய்த ஆராய்ச்சி. என் வலை போட்ட தங்கம் எவ்வளவு உப்பு விட்டாலும் சிவப்பாகவே நின்றது. கட்டுரையும் வெளிவந்தாயிற்று.

காய்ச்சி வடித்த தண்ணீரைப் பிடித்துவைக்க லேபில் கேன் கிடையாது. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். கீரிப்பாறையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் அப்பா, பால் ஊற்றும் கேன் ஒன்றைக் கழுவி பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.

"மூணு தடவ கழுவியாச்சு மக்களே. ஒரு சொட்டு பால் கெடயாது, கேட்டியா?" என்றார் போனில். பிள்ளையை எங்கள் பக்கம் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள். அது பழசாகும்போதெல்லாம் வேறொன்று வரும்.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வான வைவாவுக்குப் பத்து நாள் இருக்கையில் தண்ணீர் மெஷின் மக்கர் செய்தது. கேனும் காலி. வடசேரியில் பேட்டரிக் கடையில் விற்கும் வடித்த தண்ணீர் வாங்கிவந்து புதிதாகத் துகள் செய்து, வலை போட்டு, உப்பு விட்டேன். நீலம். கடைக்காரனைத் திட்டினேன். மறுநாள் மெஷின் சரியானதும் கண்ணாடிக் குப்பியில் நேராகப் பிடித்துச் செய்தேன். அதுவும் நீலம்.

பிறகு கேனில் தண்ணீர் பிடித்து, வலையே போடாத வெறுந்தங்கத்தில் உப்பை விட்டேன். அது சிவப்பாகவே இருந்தது.

கழுவியும் போகாத ரப்பர் பாலின் புரதம்தான் இத்தனை நாளும் துகளைக் காத்திருக்கிறது. என் வலை எதையுமே செய்யவில்லை. வெறுந்தங்கத்தை, கேன் வருவதற்கு முன் ஒரே ஒருமுறை சோதித்து, நீலமானதைப் பார்த்து, அதோடு விட்ட என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அழுதுகொண்டே என் ஆராய்ச்சி வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இது வேற ஆருக்காவது தெரியுமா?"

"இல்ல சார்."

"வைவாவில செஞ்சு காட்டச் சொல்லுவாங்க. அதுக்கும் அந்தக் கேன் தண்ணியே எடு."

அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். "கேன் பழசாயிருக்குமே மக்களே. வேற அனுப்பட்டா?"



"அனுப்புங்கப்பா," என்றேன். "ரொம்பக் கழுவ வேண்டாம்."