லில்லிபாய் அக்கா நடித்த ஒரே படம்

படத்தொகுப்பு அறையில் இருந்தபோது ஷெரினின் அழைப்பு வந்தது. "அம்மா போயாச்சு சேச்சி" என்றாள். ஆலயத்துக்குப் புறப்பட்டுச் சேலை உடுத்திக்கொண்டிருந்தவர், கட்டிலில் உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிட்டாராம். வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு பஸ் ஏறினேன்.

உதியன்குளங்கரை ஜங்ஷனில் அவரிடம் துணி தைத்தவர்களுக்கு லில்லிபாய் அக்காவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இளம் வயதில் கணவரை இழந்து, தையல் கடை நடத்தி, மகள் ஷெரினைப் படிக்கவைத்து, நெய்யாற்றின்கரையில் கட்டிக்கொடுத்தவர். சினிமாக்காரர்களான எங்களுக்கோ அவர் நடிகை. ஒரே ஒரு படத்தின் நடிகை.

பூவாரில் எடுத்த அந்தப் படத்தில் நான் உதவி இயக்குநர். மகனை ஆளாக்கிய ஒரு விதவை, ஐம்பது வயதுக்கு மேல் ஒரு படகுக்காரரை மணந்துகொள்ளும் கதை. அக்கா உடைகள் தைக்க வந்திருந்தார். அந்த வேடத்துக்குப் பேசியிருந்த நடிகை கடைசி நேரத்தில் விலகிவிட, இயக்குநர் அக்காவிடம் தாளைக் கொடுத்துச் சும்மா வாசித்துப் பார்க்கச் சொன்னார். தாய் மகனிடம் கல்யாணப் பேச்சை எடுக்கும் காட்சி. அக்கா ஒருமுறை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவ மவன்கிட்ட அனுமதி கேக்கியாளா, சேதி சொல்லுதாளா?"

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்றார் இயக்குநர்.

"சேதியாக்கும் சொல்லுவேன். கேட்டா அவன் வேண்டாம்னு சொல்லிப்போடுவானே."

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. தலையைக் குனியாமல், குரலையும் உயர்த்தாமல், மகனுக்குச் சோறு பரிமாறிக்கொண்டே அந்தச் சேதியைச் சொன்னார். வேடம் அவருடையதாயிற்று.

படம் வெளியாகும் முன்பே செய்தி அக்காவின் திருச்சபைக்குப் போய்விட்டது. சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் கடைக்கே வந்துவிட்டார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"லில்லிபாய், ஒரு விதவை படத்துல கல்யாணம் கெட்டியதா? நம்ம சபைக்க பேரு என்னாவும்?"

அக்கா தையல் மெஷினை நிறுத்தினார். "கொலகாரனா நடிக்கியவன் ஊருக்கு வந்தா பக்கத்துல நின்னு போட்டோ எடுப்பிய. நான் மோதிரம் மாத்திக் கெட்டினது குத்தமா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் மாதர் சங்கச் செயலாளர் பொறுப்பிலிருந்து அக்காவை எடுத்துவிட்டார்கள். அது அவருக்கு வலிக்கத்தான் செய்தது. வெளியே சொல்லாமல், பாட்டுக் குழுவின் பின்வரிசையில் நின்று முன்னைவிடச் சத்தமாகப் பாடினார்.

அவர் உடைந்து நான் பார்த்தது ஷெரின் விஷயத்தில்தான். மாமியார் வீட்டில் பேச்சு வரும் என்று பயந்து, ஷெரின் அம்மாவுக்குப் போன் செய்வதையே நிறுத்தியிருந்தாள். "படத்த நிறுத்த முடியுமா மக்கா?" என்று என்னிடம் கேட்டார். முடியாது என்றேன். அன்று முழுவதும் அவர் கத்தரிக்கோலைத் தொடவில்லை.

நெய்யாற்றின்கரை தியேட்டரில் நாங்கள் இருவரும் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, வாசலில் ஷெரின் நின்றிருந்தாள். கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். கண்கள் சிவந்திருந்தன. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒனக்கும் அப்படி ஆராவது உண்டா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல மக்களே. ஒருத்தனும் வந்து கேக்கல்ல, அதாக்கும் சங்கடம்."

இருவரும் சிரித்த சிரிப்பில் டிக்கெட்டுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மகள் வராமல் இருந்ததில்லை. மருமகனும் வந்தார், தாமதமாக, கொஞ்சம் வெட்கத்தோடு.

பிறகு வந்த வாய்ப்புகளை அக்கா ஏற்கவில்லை. "தைக்கக் கெடக்கு" என்பார். ஆனால் என்னோடு படம் பார்க்க எப்போதும் வருவார். கதாநாயகி எல்லாத் துன்பமும் கடந்து, மாலையும் கழுத்துமாகச் சிரிக்கையில் படம் முடியும். விளக்கு எரிந்ததும் அக்கா என் பக்கம் திரும்பிக் கேட்பார்: "சரி, நாளக்கி காலத்த விடிஞ்சா இவ எங்க போவா?"

அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான். நான் முதன்முதலாக இயக்கப்போகும் படத்தின் கதை ஒரு கல்யாணத்தோடு முடிந்திருந்தது. அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு இன்னொரு காட்சி எழுதிச் சேர்த்தேன். விடிந்திருக்கிறது. அந்தப் பெண் தலை பின்னி, சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பையில் வைத்து, வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கிறாள்.