சேலையைப் பிரித்தவர் யார்?

என் கையெழுத்து சுமார்தான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றும் தடுமாறுவேன். ஐந்தாவதோடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். போன வாரம் என் மகள் ஒரு மாதிரித் தேர்வுத்தாள் கொண்டுவந்தாள். அதில் 'அவர் என்பது யாரைக் குறிக்கும்?' என்று ஒரு கேள்வி. பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

ஐந்தாவது முடிக்கும்போது நானும் அப்படி ஒரு தேர்வு எழுதினேன். தேறினால் வெளியூர் விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை சோறும் படிப்பும் இலவசம். அதில் வந்த கேள்வி இதுதான்: 'நெசவாளர் வணிகரிடம் பட்டுச்சேலையைக் கொடுத்தார். அவர் அதைப் பிரித்தார். அவர் யார்?'

நான் யோசிக்கவே இல்லை. நெசவாளர் என்று எழுதினேன்.

ஆரணித் தறிவீட்டுப் பிள்ளை வேறு என்ன எழுதுவான்? கடைக்காரர் மோதிரக் கையால் பிரித்து, ஓர் இழை மாட்டி இழுபட்டால் பழி நெய்தவன் தலையில்தான் விழும். அதனால் அப்பா அவரைத் தொடவே விடமாட்டார். மடிப்பு மடிப்பாகத் தானே பிரித்துப் போட்ட பிறகுதான் அவர் குனிந்து பார்ப்பார். பாருங்கள், நானும் 'அவர்' போட்டுத்தான் எழுதுகிறேன். உங்களுக்குக் குழப்பம் வந்ததா? யார் என்ன செய்வார் என்று நான் சொல்லிவிட்டேன். கேள்வி போட்டவர் சொல்லவில்லை.

விடைக்குறிப்பில் வணிகர் என்று இருந்தது. ஒரு மதிப்பெண்ணில் போயிற்று. மற்ற தப்பெல்லாம் என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இது என் தப்பு இல்லை.

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாடா, அவரு யாருன்னுகூடத் தெரியாதா? உங்கம்மாவக் கேளு. இந்த ஊட்ல அவருன்னா உங்கப்பன் ஒருத்தன்தான்!"

அப்பா சிரிக்கவில்லை. தறியிலிருந்து அன்று அறுத்த சேலையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். தலைமையாசிரியர் மேசைமேல் அதை வைத்தார்.

"சார், இத்த நீங்க பிரிங்க."

தலைமையாசிரியர் கையை நீட்டினார். அப்பாவின் கை குறுக்கே பாய்ந்தது.

"ஐயோ, இருங்க சார், கையில சாக்பீஸ் கீது! நானே பிரிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் தான் செய்தது அப்பாவுக்கே தெரிந்தது. "பாத்தீங்களா? இத்தத்தான் சார் பையன் எழுதிக்கீறான்."

தலைமையாசிரியர் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க சொல்றது சரிதாங்க. ரெண்டு மாதிரியும் படிக்கலாம். ஆனா விடை மேலேருந்து வந்தது. ஒண்ணுக்குத்தான் மார்க்கு. நான் இன்னா பண்ணட்டும்?"

ரெண்டு மாதிரியும் படிக்கலாமாம்! அப்புறம் எதற்கு ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண்? கேள்வி போட்டவர் மனதில் வணிகரை வைத்திருந்தால் வணிகர் என்றே எழுதிவிட்டுப் போக அந்த மனிதருக்கு என்ன கேடு? அவர் மனதுக்குள் பத்து வயதுப் பையன் புகுந்து பார்க்க வேண்டுமா?

"இங்கேயே ஆறாவதுல சேத்துடுங்க, நல்லா படிக்கிற பையன்" என்று சொல்லி அனுப்பினார் தலைமையாசிரியர்.

வெளியே வந்ததும் அப்பாவிடம் சொன்னேன்: "சரியா எழுதினாலும் தப்புன்றாங்க. நான் இனிமே இஸ்கூலுக்குப் போவமாட்டேன்."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அப்பா சேலைச் சுற்றை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "சரி, உன் இஷ்டம்" என்றார். மறுநாள் காலை தறியில் அம்மாவுக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்.

என் நியாயம் புரிந்து என் பக்கம் நிற்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையிலேயே பல மாதம் நெய்தேன். விடுதிக்குப் போனால் வீட்டில் ஒரு வயிறு குறையும், உள்ளூரில் படித்தால் வயிறு குறையாது, தறியில் ஒரு கைதான் குறையும் என்ற அப்பாவின் கணக்கு அப்போது எனக்குப் புரியவில்லை.

ஆடி இருபத்தொன்று, புதன்கிழமை.