ரஷீத் கொண்டுபோன திறப்பு

கிண்ணியாவிலிருந்து ரஷீத்தின் மறைவுச் செய்தி கைபேசிக்கு வந்தபோது கூடவே அவருடைய படமும் வந்தது. நெஞ்சில் கைவைத்தபடி நிற்கிறார். அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்றிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். செய்தி மாறவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் தொழிலைச் சொல்லத் தேவையில்லை. பாரிசவாதம் கண்டவர்களை மறுபடி அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர். அந்தப் பதவிப் பெயரை நம்பிப் பிள்ளைகளின் சான்றிதழ்களோடு வேலை கேட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் தேநீர் கொடுத்தே அனுப்புவார்.

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது என் மனைவி திலகத்துக்காக. பாரிசவாதம் அவளுடைய கை, கால், பேச்சு எதையும் தொடவில்லை. பார்வையும் தெளிவு. ஆனால் பார்க்கும் பொருள் என்னவென்று தெரியாது. முகங்களும் அப்படியே, வாய் திறந்தால்தான் நான் அவளுக்குக் கணவன். நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு பிஸ்கட் பெட்டியும் ஒரு பரீட்சையும் கொண்டுவருவார்கள். ஓய்வுபெற்ற தபாலதிபரான என் ஒன்றுவிட்ட அண்ணன் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

"பிள்ளை, இது என்ன, சொல்லு பாப்பம்?"

திலகம் கவனமாகப் பார்த்தாள். "சைக்கிள்."

அண்ணன் அதை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அம்மாவைக் குசினிக்குள் விடவேண்டாம், கதவைப் பூட்டுங்கள் என்று வெளிநாட்டிலிருந்து மகன் உத்தரவிட்டான். பூட்டினேன். அவள் அழவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அதைவிட அழுதிருக்கலாம்.

ரஷீத் வந்த முதல் நாள், நெஞ்சில் கைவைத்து அவளுக்குத் தலை சாய்த்தார். பிறகு கதவைப் பார்த்தார்.

"திறப்பு எங்க சேர்?"

"மகன் திறக்க வேண்டாமெண்டவன்."

"மகனா வந்து சமைக்கப் போறார்? தாங்க."

கதவைத் திறந்து, திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இடியப்ப உரலை எடுத்துவந்து மேசையில் வைத்தார். "திலகம், இது என்ன?" என்று நான் தொடங்கினேன்.

"என்னெண்டு கேக்காதீங்க சேர். அக்கா, எடுங்க."

அவளுடைய இரண்டு கைகளும் எழுந்தன. உரலைத் தொடும் முன்பே, அதன் பிடிகளுக்கு அளவாக விரல்கள் வளைந்து நின்றன. அவள் உரலைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தாள்.

"இடியப்ப உரல்," என்றாள்.

கண் கண்டது மூளையில் இரண்டு இடங்களுக்குப் போகிறதாம். ஓரிடம் அது என்னவென்று அறியும். மற்றது அதைப் பிடிக்கக் கையை ஆயத்தம் செய்யும். சுகமாக இருப்பவர்களிடம் இரண்டும் ஓயாமல் கதைத்துக்கொள்ளும். ரஷீத் இதை இப்படிச் சொன்னார்: "மூதூருக்கு லாஞ்சிப் படகாலயும் போகலாம், பாலத்தாலயும் போகலாம். லாஞ்சி ஓடல்ல எண்டு மூதூர் இல்லாமப் போகுமா சேர்?"

பாலத்திலும் பள்ளங்கள் இருந்தன. உப்பும் சீனியும் ஒரே மாதிரிப் போத்தல்களில் இருந்ததால் அவை கைக்கும் வேறுபடவில்லை. அவள் ஆக்கிய முதல் சொதி பாயசமாகியது. ரஷீத் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். "கலியாண வீட்டிலயும் இப்படிக் கிடைக்காது அக்கா. உப்பை மட்டும் ஒரு சட்டிக்கு மாத்துங்க, கைக்கு விளங்கட்டும்."

அவர் முகத்தை அவள் கடைசிவரை அறியவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் வாசல் படலையிலேயே நின்று, பேசாமல் நெஞ்சில் கைவைப்பார். இவளும் வைப்பாள். "வாங்க தம்பி" என்பாள். நான் திறப்பைக் கேட்பேன். "அடடா, மறந்துட்டன் சேர்" என்பார். எதையும் மறக்காத மனிதர் அவர்.

செய்தி வந்த அன்று திலகம் தேநீரோடு குசினியிலிருந்து வந்தாள். படத்தை நீட்டினேன், யாரென்று கேட்கவில்லை. அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவளுடைய வலக்கை மெல்ல எழுந்து நெஞ்சில் அமர்ந்தது. குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள்.

"எங்கட ரஷீத் தம்பி," என்றாள். "என்னவாம்?"

சொன்னேன். கையை அவள் எடுக்கவில்லை.

அந்தத் திறப்பு கிண்ணியாவில் ஏதோ ஒரு சட்டைப்பையில் இருக்கும். வீட்டாரிடம் கேட்கப்போவதில்லை. பூட்ட முடியாத ஒரு கதவை ரஷீத் எனக்கு விட்டுப்போயிருக்கிறார். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.