கோமதியக்கா கட்டாத காந்தாரி வேஷம்

திருச்சானூரில் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. கோமதியக்காவின் வீட்டுக்காரர். "அக்கா பூட்டாப்பா. இப்பத்தான், ஆஸ்பத்திரியிலயே." என் முகத்தைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் தெலுங்கில், "ஏமைந்தி சார்?" என்றார். என்ன ஆயிற்றென்று எந்த மொழியிலும் சொல்ல வரவில்லை.

அக்காவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். நாராயணவனம் பக்கத்தில் மாம்பழக்கூழ் பேக்டரியில் வேலை செய்தவர். சீசன் இல்லாத மாதங்களில் நாட்டுப்புறக் கதைகளையும் பாரதத்தையும் புதிதாகச் சொல்லும் நாடகங்கள் எழுதினார். பள்ளிக்கூட வாத்தியாரான நான் அவற்றில் வேஷம் கட்டினேன்.

கதையில் யார் வாயைத் திறக்காமல் நிற்கிறார்களோ, அவர்கள் பக்கம் போய்விடுவார். "எல்லாரும் ஜெயிச்சவனையே பாத்துக்கினு கீறாங்க தம்பி. பின்னாடி ஒருத்தி நின்னுக்கினு கீறா, அவளக் கேளு" என்பார். விறகுவெட்டி ராஜகுமாரியைக் கட்டிக்கொள்ளும் கதையை, அவனுடைய மூத்த பெண்டாட்டி வாயால் சொல்லவைத்தார். பேக்டரியில் மாங்காய் அரியும் பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் திரௌபதியம்மன் திருவிழாவில் கடைசி நாள் படுகளம், துரியோதனன் விழும் கூத்து. துரியோதனனை மண்ணால் பெரிதாகப் படுக்கவைத்திருப்பார்கள். பீமன் தொடையில் அடித்ததும் காந்தாரி வேஷக்காரன் முறமும் துடைப்பமுமாக வந்து ஒப்பாரி வைப்பான்; ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பிறகு பாய்ந்து அந்த மண்ணைப் பிய்த்துக்கொண்டு ஓடுவார்கள். குதிரில் போட்டால் நெல் குறையாது என்று நம்பிக்கை. அக்காவுக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. "பெத்தவ அழுவுறா, இன்னாத்துக்குச் சிரிக்கிறாங்க?" என்று கேட்டார். கேட்டதோடு விடாமல் அந்தக் காந்தாரியை மாற்றி எழுதினார். இவள் துடைப்பம் எடுப்பதில்லை. மகனின் மண் உடம்பைத் தன் கையாலேயே அள்ளிக் கொடுக்கிறாள். "எடுத்துக்கினு போங்க. உங்க வூட்லயாவது இவன் சோறு போடட்டும்."

அதைத் தானே கட்ட வேண்டும், படுகளத்தில் நிற்க வேண்டும். அக்கா வாழ்க்கையில் வேறு எதையும் அப்படி ஆசைப்பட்டதில்லை. கோயில் தர்மகர்த்தா ஒப்பவில்லை. "ஏம்மா கோமதி, சம்பிரதாயம்னு ஒண்ணு கீதில்ல? இந்த வருசம் வாத்தியார் கட்டட்டும். அடுத்த வருசம் பாக்கலாம்." பொம்பளை வேஷத்தைப் பொம்பளை கட்டக்கூடாதாம். எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது!

நான் கட்டினேன். அக்கா ஓரமாக நின்று என்னோடு சேர்ந்து வசனத்தை முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை, பாயவும் இல்லை. வரிசையாக வந்து இரண்டு கையையும் ஏந்தி மண் வாங்கிப் போனார்கள். தர்மகர்த்தா மைக்கில் என்னைப் புகழ்ந்தார். எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை. வேஷம் கலைக்கும்போது அக்கா வந்தார். "நல்லாத்தான் பண்ண தம்பி. ஆனா புள்ள செத்தவ அப்படி அழமாட்டா" என்றார். அவருக்குத் தெரியும். ஒரே மகனைப் புத்தூர் ரோட்டில் லாரிக்குக் கொடுத்தவர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திருவிழாவுக்கும் அக்கா போய்க் கேட்பார். ஒவ்வொரு தடவையும் அதே அடுத்த வருசம்தான்; வேஷம் என்னிடமே வந்தது. திருப்பதியில் ஒரு விழாவில் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். காந்தாரியைக் கொஞ்சம் நடித்துக் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, நேரமில்லை என்றார்கள். "சால்வை இட்லிப் பானைக்குத் துணியாச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாவுக்குத் தர்மகர்த்தா பெரிய மாலையோடு வந்தார். தெருமுனையில் அவர் வைத்த பிளெக்ஸில் 'எங்கள் ஊர்க் காந்தாரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உயிரோடு இருந்தபோது மேடையில் ஓரடி இடம் கொடுக்காத மனுஷன், செத்தபிறகு தெருவையே கொடுக்கிறார்!

இடுகாட்டில் குழிக்கு மண் போட்டார்கள். தர்மகர்த்தா ஒரு பிடி போட்டார். அடுத்து நான். குனிந்து ஒரு பிடி எடுத்தேன். போடாமல் துண்டில் முடிந்துகொண்டேன்.

"இன்னா வாத்தியாரே, மண்ணு போடணும், எடுக்கக்கூடாது" என்றார் அவர்.

"படுகளத்துல எடுப்பாங்க இல்ல?"

அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். குழி மூடுவதற்குள்ளேயே என் காதருகில் வந்து, "அடுத்த வருசமும் காந்தாரி நீதான் கட்டணும்" என்றார்.

மாட்டேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அந்த மண் இப்போது எங்கள் வீட்டு அரிசிப் பானையில் கிடக்கிறது. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். வேஷம் அவருடையது. அதை அவர்தான் கட்டியிருக்க வேண்டும்.