தர்ஷினிக்கு ஸ்பெஷல் கோச்சிங்

எல்.கே.ஜி. டீச்சர் வேலை என்றால் அ, ஆ சொல்லிக் கொடுப்பது என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் வந்து பாருங்கள். தூங்கி விழுகிற தலை பெஞ்சில் இடிக்காமல் கையைக் கொடுத்துத் தாங்கத்தான் எனக்குச் சம்பளம். சின்ன வகுப்பு டீச்சர்மார்களே, உங்கள் கையும் மரத்துப் போயிருக்கும், எனக்குத் தெரியும். ஆண்டிபட்டியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்த கூத்தைக் கேளுங்கள்.

சார்ஜ் தீரும் வரை

கவின் முதல் பீரியடிலேயே கலர் பென்சிலைப் பிடித்தபடி சாய்ந்துவிடுவான். எழுப்பினால் பக்கத்துப் பிள்ளையைக் கடித்து வைப்பான். கடைவீதியில் கடை வைத்திருக்கிற அவன் அப்பாவைக் கூப்பிட்டு, "ராத்திரி நேரத்தோட படுக்கப் போடக் கூடாதா சார்?" என்று கேட்டேன்.

"போடத்தான் செய்றோம் டீச்சர். செல்லுல சார்ஜ் தீர்ற வரைக்கும் கண்ண மூட மாட்டேங்கறான்" என்றார், என்னமோ பிள்ளை கலெக்டருக்குப் படிக்கிற மாதிரி. "அப்ப சார்ஜ் போடாம விட்ருங்க" என்றேன். மனுசன் பதறிப் போய்விட்டார்.

"சார்ஜ் போடலைன்னா, அவன் தூங்குனதுக்கப்புறம் நாங்க என்னத்தப் பாக்குறது?"

ஜன்னல் சீட்டு

தர்ஷினி கதை வேறு. மயிலாடும்பாறைப் பிள்ளை. அவள் வீட்டில் டிவியைக்கூட நேரத்தோடு அணைத்துவிடுவார்கள். அப்படியும் பிரேயர் முடிந்து வகுப்புக்குள் வரும்போதே கண் சொருகிவிடும். "மந்தமான பிள்ளை. பரீட்சையில தேறலைன்னா யு.கே.ஜி. கிடையாது, இங்கனயே இன்னொரு வருசம் உக்காரட்டும்" என்று எங்கள் கரஸ்பாண்டென்ட் சொல்லிவிட்டார். முழித்திருக்கிற கொஞ்ச நேரத்தில் அவள் கேட்கிற கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது. அவளையா மந்தம் என்பது?

விசாரித்தால், வினையே பள்ளிக்கூட வேனில்தான் இருந்தது. டிரைவர் அவளுக்குப் பக்கத்து வீடு. வேனும் ராத்திரி அங்கேதான் நிற்கும். விடியுமுன்னே முதல் ஆளாக அவளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவார். சாயங்காலம் எல்லாப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, இருட்டின பிறகு கடைசி ஆளாக அவளை இறக்குவார். வேனில் தூங்கலாமே என்கிறீர்களா? போகவர ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. "ஏண்ணே, பச்சப்பிள்ளைய இப்படியா அலைக்கழிக்கிறது?" என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பக்கத்து வீட்டுப் பிள்ளையாச்சேன்னு முத ஆளா ஏத்தி ஜன்னல் சீட்டக் குடுக்குறேன், மத்ததுக அந்த சீட்டுக்கு அடிச்சுக்கிட்டுக் கெடக்குதுக டீச்சர்!"

தாயத்து

மறு வாரம் தர்ஷினி கழுத்தில் புதுத் தாயத்து. கன்னத்தில் ரூபாய் அகலத்துக்கு மைப்பொட்டு. கூட வந்த அவள் அம்மா, "கண்ணு பட்டுப்போச்சுன்னு சொன்னாக டீச்சர். மந்திரிச்சுக் கட்டியிருக்கு, இனிமே நிமிந்து உக்காருவா" என்றாள். பக்கத்தில் நின்ற தர்ஷினி, தாயத்தைப் பிடித்தபடி என் சேலையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணும் படல, காத்தும் படல. பிள்ளைக்குத் தூக்கம் பத்தல, அம்புட்டுத்தான்" என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தூக்கம் எப்படி டீச்சர் பத்தாமப் போகும், எந்நேரமும் தூங்கிக்கிட்டுத்தான இருக்கா?"

பள்ளிக்கூடத்துப் பேரு

சரி, மேலிடத்திலேயே கேட்டுவிடுவோம் என்று கரஸ்பாண்டென்ட் அறைக்குப் போனேன். வேன் கதையைச் சொல்லி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைக் கொஞ்சம் தூங்க விடலாமா சார் என்றேன். என்னமோ பள்ளிக்கூடத்துக்குத் தீ வைக்கக் கேட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிள்ளைக தூங்குற ஸ்கூலுன்னு பேரு வந்தா நம்ம மானம் என்னத்துக்காகும் மிஸ்? மத்ததுக விளையாடுற நேரத்துல அவளுக்கு ஸ்பெஷல் கோச்சிங் குடுங்க!"

கதவைச் சாத்திய வகுப்பு

கொடுத்தேன். பழைய பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த அறையைக் கூட்டிப் பெருக்கி, வீட்டிலிருந்து ஒரு கோரைப்பாய் கொண்டுவந்தேன். கதவில் 'ஸ்பெஷல் கோச்சிங் நடைபெறுகிறது, சத்தம் போடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன். தினம் மத்தியானம் தர்ஷினி அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள், நான் விசிறிக்கொண்டு காவல் இருப்பேன். ஒரு தடவை கரஸ்பாண்டென்டே கதவுவரை வந்து, எழுதியிருந்ததைப் படித்துவிட்டுப் பூனை மாதிரி திரும்பிப் போனார்.

பரீட்சையன்று அவரே கேள்வி கேட்டார். தர்ஷினி எழுத்து, எண், பூ, பழம் எல்லாவற்றையும் பொரிந்து தள்ளிவிட்டு, "நீங்க ஏன் சார் கொட்டாவி விடுறீக? ராத்திரி தூங்கலையா?" என்று திருப்பிக் கேட்டாள். யு.கே.ஜி.க்குப் போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

"பாத்தீகளா மிஸ் கோச்சிங்கோட மகிமைய, அடுத்த வருசம் மொத்த எல்.கே.ஜி.க்கும் போட்ருவோம்!"

ஆகையால் பெற்றோர்களே, கோச்சிங்குக்குப் புத்தகம், நோட்டு எதுவும் வேண்டாம், ஆளுக்கொரு பாய் மட்டும் கொடுத்தனுப்புங்கள். கரஸ்பாண்டென்ட் கதவைத் திறக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.